கன்டீன் வாளிக்கு அடியில் ஒரு தராசு

எங்கள் பாடசாலைக் கன்டீனில் மிஞ்சுவதெல்லாம் நெடுங்காலமாகப் பன்றிப் பண்ணை ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பின் கேற்றடியில் வாளிகளை வைத்துவிட்டால் போதும். ஜா-எல பக்கமிருந்து ஒருவர் சின்ன லொறியில் வந்து ஊற்றிக்கொண்டு போவார். காசு கேட்கவும் மாட்டார், தரவும் மாட்டார். அதனால் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்குப் பார்க்கும் தேவை யாருக்கும் வரவில்லை. 2024இன் பிற்பகுதியில் மேல் மாகாணத்தில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியது. சரியாகக் கொதிக்கவைக்காத மிச்சச் சாப்பாடு அந்த வைரசு பண்ணைக்குள் புகும் வழிகளில் ஒன்று. அந்த மனிதர் வருவதை நிறுத்திக்கொண்டார். வாளிகள் நின்ற இடத்திலேயே நின்றன. வார முடிவுக்குள் வாடை அதிபரின் அறைவரை வந்துவிட்டது.

நான் கொழும்பு வடக்கில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலையில் உயர்தர வகுப்புகளுக்கு ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிப்பிக்கிறேன். பாடத்திட்டத்தில் பைதன் என்ற நிரல்மொழியும் இருக்கிறது, உணரிகளை இணையத்தோடு இணைக்கும் பகுதியும் இருக்கிறது. பல இடங்களில் அந்தப் பகுதி கரும்பலகையில் ஒரு படம் வரைவதோடு முடிந்துவிடும். வாடை வந்த அந்த வாரத்தில் என் மாணவர்கள் சிலர் அதைக் கையால் செய்து பார்க்கலாமா என்று கேட்டார்கள். அப்படி வந்ததுதான் எங்கள் கன்டீன் தராசு. வேறு பாடசாலை ஆசிரியர்கள் கேட்கும்போதெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். தராசு வைத்ததால் சாப்பாடு மிஞ்சுவது குறையவில்லை. தராசு காட்டிய எண், காலையில் அரிசி அளக்கிறவரின் காதுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் குறைந்தது. நடுவில் இருந்த தூரத்தைக் கடக்கத்தான் எங்களுக்கு நாள் எடுத்தது.

பிள்ளைகளின் முதல் யோசனை கெமரா. தட்டுக் கழுவும் இடத்துக்கு மேலே ஒன்றைப் பூட்டினால், என்ன மிஞ்சியது என்பதைச் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடித்துவிடும் என்றார்கள். ஆகாத கதையில்லை. லண்டனில் 2013இல் தொடங்கிய வின்னோ என்ற நிறுவனம் ஹோட்டல் சமையலறைகளில் குப்பைத் தொட்டிக்கு அடியில் தராசும் மேலே கெமராவும் வைத்து இதைத்தான் செய்கிறது. ஆனால் அது சமையலறை. இது பிள்ளைகள் சாப்பிடும் இடம். நம்முடைய தட்டும் வேறு. சோற்றுக்கு மேல் பருப்பு, அதற்கு மேல் சம்பல், எல்லாவற்றையும் குழைத்துவிட்டு ஓரத்தில் அரைவாசிக் கட்லட். படத்தைப் பார்த்து எனக்கே பிரித்துச் சொல்ல முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, பிள்ளைகளின் படத்தை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் ஒரு கெமராவைப் பூட்டுவதும் சரியில்லை. அதிபரிடம் கேட்க முன்னமே நான் மறுத்துவிட்டேன்.

பிள்ளைகளுக்கு முகம் வாடிவிட்டது. இலங்கைக் கண்டுபிடிப்பாளர்கள் ஆணைக்குழு நடத்தும் ‘சஹசக் நிமவும்’ கண்காட்சிக்குக் கொண்டுபோகும் கனவு அவர்களுக்கு இருந்தது. வெறும் தராசை யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. போட்டிக்கான பொருள் நடுவர்கள் மேசைக்கு வரும் அந்தப் பத்து நிமிடம் வேலை செய்தால் போதும். கன்டீனில் இருக்கும் பொருள் சொதி சிந்தினாலும், எறும்பு ஏறினாலும், மின்சாரம் போய் வந்தாலும் மறுநாளும் வேலை செய்ய வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடிவெடுங்கள் என்றுதான் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்வேன்.

சாமான்கள் எல்லாம் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கியவை: 20 கிலோ தாங்கும் லோட் செல் ஒன்று, எச்.எக்ஸ். 711 என்ற சின்னப் பலகை, ஈ.எஸ்.பி. 32 என்ற சின்னக் கணினிப் பலகை ஒன்று, நேரம் காட்டும் சில்லு, மெமரி கார்ட் போடும் துண்டு, பெரிய பொத்தான்கள். பலகையும் ஆணியும் ஒரு மாணவனின் மாமாவுடைய தச்சுப் பட்டறையிலிருந்து வந்தன. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரம் ரூபாவைத் தாண்டவில்லை; பழைய மாணவர் சங்கம் கொடுத்தது.

செய்யும் விதம் சிக்கலானதல்ல. லோட் செல் என்பது ஒரு அலுமினியக் கட்டை. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளையும். அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பிகளின் தடை மாறும். அந்த மாற்றம் மில்லிவோல்ட் அளவில்தான் இருக்கும். எச்.எக்ஸ். 711 அதைப் பெருக்கி 24 பிட் எண்ணாக்கிக் கொடுக்கிறது. கட்டையின் ஒரு முனை கீழ்ப் பலகையிலும் மறு முனை மேல் பலகையிலும் இருக்க வேண்டும். நடுவில் வளைய இடம் விடாமல் இறுக்கிப் பூட்டினால் எடை ஏறினாலும் எண் அசையாது. அளவு சரிபார்க்க, கடைத் தராசில் நிறுத்துப் பார்த்த 5 கிலோ அரிசிப் பை ஒன்றை வைத்திருக்கிறோம். திங்கட்கிழமை காலையில் முதல் வேலை அதைத் தூக்கி வைத்துப் பார்ப்பது.

தொல்லைகள் வேறு இடத்திலிருந்து வந்தன. கன்டீன் குளிர்சாதனப் பெட்டியின் மோட்டார் கிளம்பும் ஒவ்வொரு முறையும் எண் துள்ளியது. பவர் பேங்க் போட்டோம்; இந்தச் சின்னப் பலகை இழுக்கும் மின்சாரம் போதாது என்று அது தானாகவே நின்றுவிட்டது. எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்து நின்றுவிடும் பவர் பேங்குகள் நிறைய உண்டு, வாங்குமுன் கடையிலேயே போட்டுப் பாருங்கள். ஒரு வாசிப்பை நம்பாமல் பல வாசிப்புகளை எடுத்து, வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்ததும் துள்ளல் அடங்கியது. எறும்புக்குத்தான் மருந்து கிடைக்கவில்லை. சூடும் இனிப்பும் இருக்கும் இடத்தில் மின்பலகை எறும்புக்குச் சொந்த வீடு. இறுக்கி மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் பலகையை வைத்து, வயர் நுழையும் ஓட்டையைச் சிலிக்கோனால் அடைத்த பிறகு ஓரளவு தப்பினோம்.

பாடசாலை வைஃபை கன்டீன்வரை எட்டாது. எட்டினாலும் நம்பியிருக்கக் கூடாது. பதிவு முதலில் மெமரி கார்டில் விழ வேண்டும், இணையம் கிடைத்தால் பிறகு மேலே போகலாம். திரையிலும் ஒரு பாடம் இருந்தது. எல்லாரும் வாங்கும் இரண்டு வரி நீலத் திரையில் நாமாக வரைந்து வைக்கக்கூடிய எழுத்து எட்டே எட்டு. ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 5க்கு 8 புள்ளிகள். ‘சை’யும் ‘ஞா’வும் அதற்குள் அடங்குமா? பிள்ளைகள் இரவிரவாக முயன்றுவிட்டு, எண்ணை மட்டும் திரையில் விட்டு, மற்றதைப் பொத்தானுக்குப் பக்கத்தில் பெயின்ட்டால் எழுதினார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. பெயின்ட் பழுதாகாது.

பொத்தான்கள் மூன்று. பானையில் மிஞ்சியது, தட்டில் மிஞ்சியது, வெட்டும்போது கழித்தது. வாளியில் கொட்டுகிறவர் ஒன்றை அழுத்திவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். முதலில் செய்த மாதிரியில் ஏழு பொத்தான்கள் இருந்தன, கடைசியில் ‘வேறு’ என்று ஒன்று. அவசரத்தில் எல்லாரும் ‘வேறு’வையே அழுத்தினார்கள். ‘வேறு’ என்ற பொத்தானை வைக்காதீர்கள்.

எடையைப் பற்றியும் ஒரு சொல். வாளிக்குள் விழுவதெல்லாம் சாப்பாடல்ல. பிள்ளைகள் போத்தல் தண்ணீரையும் மிச்சச் சொதியையும் அதற்குள்ளேயே ஊற்றுவார்கள். வாழைப்பழத் தோல், மீன் முள், சாப்பாடு சுற்றும் லன்ச் ஷீட் எல்லாம் விழும். ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2024 அறிக்கையில், 2022இல் உலகில் 105 கோடி தொன் உணவு வீணானது என்ற எண் இருக்கிறது, அதில் 29 கோடி தொன் உணவகம், கன்டீன் போன்ற இடங்களில். பிள்ளைகள் அதைப் பெரிய எழுத்தில் சுவரொட்டியாக ஒட்டினார்கள். அந்த எண்ணிலும் தோலும் எலும்பும் சேர்ந்திருக்கின்றன என்பதைச் சின்ன எழுத்தில் எழுதவைத்தேன். எங்கள் வாளிக்குப் பக்கத்தில் இப்போது வடி போட்ட ஒரு சின்ன வாளி இருக்கிறது, ஊற்றுவது அதில். லன்ச் ஷீட்டுக்குத் தனிப் பெட்டி. இதைச் செய்யாமல் எடுக்கும் எண் மழை நாளில் ஒன்றும் வெயில் நாளில் ஒன்றும் சொல்லும். மாநகர சபை வண்டியும் உக்கும் குப்பையைத் தனியாகக் கொடுத்தால்தான் எடுக்கிறது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 30க்கு மேற்பட்டோர் இறந்தபோது இந்தப் பிள்ளைகள் தரம் நான்கிலும் ஐந்திலும் இருந்தார்கள். கொழும்புக் குப்பையில் பாதிக்கு மேல் இப்படி அழுகக்கூடியதுதான் என்று நான் சொல்லிக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை.

இனிக் கன்டீன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே எழுதியதைவிட இது முக்கியம்.

பாடசாலைக் கன்டீனை நடத்துகிறவர் பெரும்பாலும் வெளியாள். கேள்விப்பத்திரம் போட்டு, வாடகை கட்டி, அடுத்த முறையும் கிடைக்குமா என்ற பயத்தோடு நடத்துபவர். அவருடைய வாளிக்கு அடியில் ஒரு தராசு வைக்கப் போகிறோம் என்றால் அவருக்கு என்ன தோன்றும்? எங்கள் அக்கா ஒன்றும் பேசவில்லை. ஆனால் முதல் சில நாட்கள் வாளி தராசுக்குப் பக்கத்தில்தான் இருந்தது, மேலே இல்லை. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் இதைக் காட்டுவார்களா, அதிபர் வாடகையைக் கூட்டுவாரா, விலையைக் குறைக்கச் சொல்வார்களா என்று அவர் வேறொரு ஆசிரியையிடம் கேட்டிருக்கிறார். அதிபரோடு பேசி, இந்த எண்கள் கன்டீன் ஒப்பந்தத்துக்குப் பயன்படாது, அக்கா சம்மதிக்காமல் வெளியே போகாது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் வாளி தராசின் மேல் இருந்தது. அந்தக் கடிதத்தைக் கருவி செய்யத் தொடங்குமுன் எழுதுங்கள்.

எண்கள் சேரச் சேர, நாங்கள் எதிர்பார்த்ததற்கு மாறாக இருந்தன. பிள்ளைகள் தட்டில் மிச்சம் விடுகிறார்கள், அவர்களுக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்றுதான் ஆசிரியர் அறையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். வாளியில் பெரும்பங்கு பானையிலிருந்து வந்தது, யாருக்கும் பரிமாறாமலே. அதுவும் எல்லா நாளும் ஒரேயளவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஏறியது. மழை கொட்டும் நாளிலும் தவணைப் பரீட்சை நாளிலும் ஏறியது.

பிள்ளைகள் உடனே அடுத்த நாள் விற்பனையை எதிர்வுகூறும் பைதன் நிரல் எழுத ஆயத்தமானார்கள். நான் அவர்களைக் கூட்டிக்கொண்டு அக்காவிடம் போனேன். “வெள்ளிக்கிழம மீன் ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்?” என்றார். “எத்தன பிள்ள வந்திருக்குன்னுதான் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. கொறச்சுப் போட்டு பத்தாமப் போனா என்னத்தான ஏசுவாங்க?”

இந்தப் பதிலைச் சரியாகக் கேட்டதால்தான் எங்கள் திட்டம் உருப்பட்டது. கொத்தாஞ்சேனைப் பக்கத்துப் பாடசாலை என்றால் சாப்பாட்டு நாட்காட்டி எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சைவப் பிள்ளைகளுக்கு மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. சில வீடுகளில் செவ்வாயும் இல்லை. அதே வெள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள் ஜும்மாவுக்காக முன்னதாகவே போய்விடுவார்கள். தவக்காலத்து வெள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு இறைச்சி இல்லை, ஆனால் மீன் உண்டு. ஐப்பசியில் கந்தசஷ்டி. நோன்பு மாதத்தில் வகுப்பின் ஒரு பகுதி கன்டீன் பக்கமே வராது. 2025 மார்ச் தொடக்கத்தில் நோன்பும் தவக்காலமும் ஒன்றாக வந்தன; வழமையான அளவில் சமைத்திருந்தால் வாளி நிரம்பி வழிந்திருக்கும். இதற்கெல்லாம் செயற்கை நுண்ணறிவு வேண்டாம். தமிழ்க் கலண்டர் ஒன்று, முஸ்லிம் கலண்டர் ஒன்று, தேவாலயக் கலண்டர் ஒன்று. மூன்றையும் பார்த்து ஒரு தவணைக்கான அட்டவணையைப் பிள்ளைகள் எழுதினார்கள், அக்கா திருத்தினார். கன்டீன் சுவரில் அது இப்போதும் தொங்குகிறது.

அக்காவுக்குத் தெரியாமலிருந்த ஒரே விடயம் அன்றைய வரவு. மாணவர்கள் தொலைபேசி கொண்டுவரக் கூடாது என்பதால் செயலி, கியூ.ஆர். எதற்கும் இடமில்லை. (அது நல்லதென்றே நினைக்கிறேன். செயலி என்றால் வசதியுள்ள பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும்தான் வந்திருக்கும்.) அலுவலக வாசலில் எண் பொத்தான்கள் உள்ள பலகை ஒன்று வைத்தோம். வரவு எடுத்ததும் வகுப்புத் தலைவர் வந்து வகுப்பு எண், இன்று கன்டீனில் சாப்பிட நினைப்பவர்களில் சைவம் எத்தனை, மச்சம் எத்தனை என்று அழுத்திவிட்டுப் போவார். கன்டீன் சுவரில் இரண்டு சிவப்பு எண்கள் ஏறும். ஈ.எஸ்.பி. 32 பலகைகள் வைஃபை இல்லாமலே தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. மாடிப்படிக்கு அடியில் மூன்றாவது பலகை ஒன்றை வைத்ததும் சுவர்களைத் தாண்டிச் செய்தி போய்ச் சேர்ந்தது.

அந்த எண்ணை ஆள் கணக்கில் காட்டினால் அக்காவுக்கு உதவாது. அவர் அரிசியைக் கிலோவில் அளப்பதில்லை, பழைய பால்மா டின் ஒன்றால் அளப்பார். ஒரு டின் அரிசி எத்தனை தட்டு ஆகும் என்று பிள்ளைகள் சமையல் நேரத்தில் கூடவே நின்று கணக்கெடுத்தார்கள். இப்போது சுவரில் டின் கணக்கும் வருகிறது. மிஞ்சிய சோற்றையும் அப்படியே மாற்றிக் காட்டினோம். சமைத்த சோறு அரிசியைப் போல் இரண்டரை மூன்று மடங்கு எடையிருக்கும், அதனால் மிஞ்சிய சோற்றின் கிலோவைச் சொன்னால் அதன் விலை மனத்தில் படாது. “இன்றைக்கு மூன்று டின் அரிசி வாளிக்குப் போயிருக்கிறது” என்றால் படும்.

இதோடு இன்னொரு மாற்றம்: ஒரு பெரிய பானைக்குப் பதில் இரண்டு. முதல் பானை விடியவே அட்டவணையைப் பார்த்து ஏறும், குறைந்த பக்கமாக. இரண்டாவது, வரவு எண் வந்த பிறகு. பத்தரை மணி இடைவேளைக்கு அது தயாராகிவிடும். முதல் சில வாரங்கள் சோறு பத்தாமற் போன நாட்களும் இருந்தன. அப்படி வந்தால் ஏச்சு அக்காவுக்குப் போகக் கூடாது என்பதற்காக உயர்தரப் பிள்ளைகள் கடைசி வரிசையில் நிற்க ஒப்புக்கொண்டார்கள். குறைந்தால் அவர்கள் ரோல்ஸ் வாங்கிக்கொள்வார்கள். கணிப்பில் வரும் பிழையை யார் சுமப்பது என்று முன்கூட்டியே பேசாவிட்டால், சமைப்பவர் எப்போதும் கூடுதலாகத்தான் போடுவார். அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன்.

தட்டில் மிஞ்சியதும் ஒரு கதை சொன்னது, நேரம் பதிவானதால். எடை இடைவேளை முழுவதும் மெல்ல ஏறாமல், மணி அடிக்கும் அந்த ஓரிரு நிமிடத்தில் குதித்து ஏறியது. அதாவது பிள்ளைகள் பிடிக்காமல் கொட்டவில்லை, நேரம் போதாமல் கொட்டுகிறார்கள். அமெரிக்காவில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சாப்பிட 20 நிமிடத்துக்குக் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள் பிரதான உணவில் 13 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டதாகக் கண்டார்கள். எங்கள் இடைவேளை முழுவதுமே 20 நிமிடம். அதில் பாதி வரிசையில் போய்விடும். பெரிய பையன்களுக்குப் பின்னால் நிற்கும் தரம் 6 பிள்ளை ஒரு வாய் வைக்கும்போது மணி அடிக்கும். சின்ன வகுப்புகளை ஐந்து நிமிடம் முன்னதாக விட அதிபர் சம்மதித்தார். இதற்கு ஒரு சதம் செலவில்லை, ஒரு வயரும் வேண்டியிருக்கவில்லை. நேரம் பதியாத தராசு இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

மாணவத் தலைவர்கள் ஒரு யோசனை கொண்டுவந்தார்கள்: வகுப்புவாரியாக எண்ணை எடுத்துக் காலைக் கூட்டத்தில் வாசித்து, குறைவாக வீணாக்கும் வகுப்புக்குப் பரிசு. நடத்திப் பார்த்தார்கள். வாளி எடை அழகாகக் குறைந்தது. கழிவறைக்குப் பின்னால் இருக்கும் கழிவுநீர்க் கானில் சோறு மிதந்தது. அதோடு அது நின்றது.

வாளியில் இன்னொரு மர்மமும் இருந்தது. கன்டீனில் இட்லி போடாத நாளில் வாளியில் இட்லி. விற்ற அளவையும் மிஞ்சிய அளவையும் கூட்டிப் பார்த்த ஒரு மாணவி, “டீச்சர், சமைச்சதைவிடக் கூடக் கொட்டியிருக்கு” என்றாள். வீட்டுச் சாப்பாடு. அம்மா விடிய நாலரைக்கு எழும்பிக் கட்டிக்கொடுத்த பெட்டியை மிச்சத்தோடு திருப்பிக் கொண்டுபோனால் ஏச்சு விழும், அதனால் இங்கே கொட்டிவிட்டுப் போகிறார்கள். யார் என்று தேட நான் விடவில்லை. பெற்றோர் கூட்டத்தில் பெயரில்லாமல் சொன்னோம்: பிள்ளை மிச்சம் கொண்டுவந்தால் ஏசாதீர்கள், அடுத்த நாள் அந்த அளவைக் குறைத்துக் கட்டுங்கள். சில அம்மாக்கள் சிரித்தார்கள், சிலருக்குக் கோபம். பெட்டி இட்லி குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

அதே பாடசாலையில் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 95 சதவீதம் ஏறியிருந்தது. அப்போது காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தவர்களை நாங்கள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். அதனால் மிஞ்சுவதைப் பகிர வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை, எப்படி என்பதில்தான். ‘இலவசம்’ என்று மேசை போட்டால் தேவையுள்ள பிள்ளை வரவே வராது. நாங்கள் செய்வது, பாடசாலை விட்டதும் மிச்சமுள்ளதை எல்லாருக்கும் அரை விலைக்கு விற்பது. பின்னேர வகுப்புக்கும் விளையாட்டுக்கும் நிற்பவர்கள், ஆசிரியர்கள் எல்லாரும் வாங்குவோம். வரிசையில் யாரும் தனித்துத் தெரியமாட்டார்கள். காசில்லாத பிள்ளைகளுக்கான ஏற்பாடு வகுப்பாசிரியருக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை. சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது, வைத்தால் 60 பாகைக்கு மேல் சூடாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கொழும்பு வெக்கையில் தேங்காய்ப்பால் சொதி அதற்கு முன்னமே கெட்டுவிடும். இடைவேளைச் சோறும் சொதியும் அந்த அரை விலை மேசைக்கு வராது. பின்னேரத்துக்கென்று பிந்திச் சமைத்தது மட்டுமே வரும்.

இப்போது வாளிகள் முன்பிருந்ததில் பாதியளவு போகின்றன. நோன்பு, பரீட்சை போன்ற நாட்களில்தான் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. அக்கா விலையைக் குறைக்கவில்லை, ஆனால் கூட்டவும் இல்லை. முட்டை கொஞ்சம் பெரிதாக வெட்டுகிறார் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை.

தொடங்க நினைக்கும் பாடசாலைகள் முதல் மாதம் எதையும் பூட்ட வேண்டாம். மீன்கடையில் இருக்கும் கொக்கித் தராசு ஒன்றும் சீ.ஆர். கொப்பி ஒன்றும் வாங்குங்கள். நாளுக்கு ஒரு முறை வாளியைத் தூக்கி நிறுத்து, பானை எவ்வளவு, தட்டு எவ்வளவு, அன்றைக்கு என்ன நாள் என்று எழுதுங்கள். அந்தக் கொப்பியை எழுத ஆள் கிடைக்காத பாடசாலையில் கருவிக்கும் ஆள் கிடைக்காது. எங்களுடைய கொப்பி இன்னும் ஆணியில் தொங்குகிறது. கருவி படுத்த நாட்களில் அக்காவே எழுதுகிறார், அவருடைய பக்கங்கள் மெமரி கார்டைவிடச் சுத்தமாக இருக்கின்றன.

உயர்தரப் பிள்ளைகள் பரீட்சை எழுதியதும் போய்விடுவார்கள், அவர்களோடு எல்லாம் போய்விடும். முதல் குழுவின் நிரல் ஒரு பையனின் மடிக்கணினியில் மட்டும் இருந்தது. அவன் வெளிநாடு போகுமுன் வீட்டுக்கே போய் வாங்கி வந்தோம். அதன்பிறகு தரம் 9, 10இல் இருந்து ஒவ்வொரு பெரிய பிள்ளைக்கும் ஒரு சின்னப் பிள்ளையைச் சேர்த்துவிட்டிருக்கிறேன். நிரலில் விளக்கம் தமிழில். வயர் எங்கே போகிறது என்ற படம் பெட்டியின் மூடிக்குள் ஒட்டப்பட்டிருக்கிறது. புறக்கோட்டையில் அன்றைக்கே வாங்க முடியாத எந்த உறுப்பையும் போடக் கூடாது என்பது பிள்ளைகளே வைத்த சட்டம்.

இந்தத் தவணைக் குழு சோற்றுப் பானையின் சூட்டை அளந்து, 60 பாகைக்குக் கீழே இறங்கினால் விளக்கெரிய வைக்க விரும்புகிறது. தண்ணீர் புகாத வெப்பநிலை உணரியை வாங்கியாகிவிட்டது. பானை மூடியில் ஓட்டை போடத்தான் அக்கா இன்னும் சம்மதிக்கவில்லை. பழைய மூடி ஒன்றைக் கொண்டுவந்து முதலில் அதில் போட்டுக் காட்டச் சொல்லியிருக்கிறார்.